அதே அறை, அதே கைகள்



சற்றுமுன் கேட்ட பாட்டின் முதல் பத்து வினாடியை மட்டும் இன்னொரு முறை போடச் சொல்லியிருந்தேன். கேட்டீர்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்பே ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெகுநாள் கழித்து ஊர் திரும்பியவனை வாசலிலேயே நிறுத்தி, தோளைத் தட்டி நலம் விசாரிக்கிற குரல்கள் அவை. யார் யார் என்று பிரித்தறிய முடியாத பேச்சு, சிரிப்பு. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு சாக்ஸபோன் எழுந்து இழைகிறது. பாடகர் அதற்குப் பிறகுதான் வருகிறார். தன் இசைத்தட்டில் தானே கடைசியாக வந்து சேரும் விருந்தாளி போல.

பாடகர் மார்வின் கே. பாட்டின் பெயர் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. அதே பெயரில் 1971 மே 21 அன்று வெளிவந்த இசைத்தட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு அது முதலில் கிடைத்தது காசெட் வடிவில். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு நண்பர் தன் தட்டிலிருந்து பதிவு செய்து கொடுத்தார். உறையில் பாடகர் பெயரும் தலைப்பும் மட்டும் பேனாவால் எழுதியிருந்தது, பாட்டு வரிசை இல்லை. முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு நான்கு பாட்டு என்றேன். ஆறு என்றார் நண்பர். மறுபடி கேட்டேன். அப்போதும் எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. காங்கா தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் வயலின்கள் நிறம் மாறுகின்றன. பாட்டு மாறிவிட்டது என்பது தாமதமாகத்தான் தெரிகிறது. பாப் இசை என்றால் துண்டு துண்டாக மூன்று நிமிடப் பாட்டுகள் என்று நினைத்திருந்த எனக்கு அது புது அனுபவம். அன்று தொடங்கிய கேள்விதான் இன்றைய உரைக்குக் காரணம்: மூன்று நிமிடப் பாட்டின் மன்னராக இருந்த ஒருவர் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

மார்வின் 1939 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டனில் பிறந்தார். தகப்பனார் ஒரு சிறு பெந்தெகொஸ்தே பிரிவின் போதகர், வீட்டில் கடுமையானவர். மார்வினின் குரல் சிறுவயதிலேயே அந்தச் சபையில் ஒலித்தது. வளர்ந்து டெட்ராய்ட் நகருக்கு வந்து மோட்டவுன் இசை நிறுவனத்தில் சேர்ந்தபோது ஆரம்பத்தில் டிரம்ஸ் வாசித்தார். அவருடைய ஆசை வேறு: நாட் கிங் கோல், ஃபிராங்க் சினாட்ரா போல மெல்லிய குரலில், பின்னால் வயலின்கள் சூழ நின்று பாட வேண்டும். 1961இல் வந்த முதல் இசைத்தட்டு அந்த ஆசையில் உருவானது. விற்கவில்லை. மறுவருடம் ஓர் ஆட்டப் பாட்டு ஓடியது. அதோடு அவர் பாதை தீர்மானமாகிவிட்டது, அல்லது மற்றவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

மோட்டவுனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரி கோர்டி என்ற இளைஞர் 1959இல் தன் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது அது. மேற்கு கிராண்ட் பூல்வார்டில் 2648 என்ற எண்ணுள்ள ஒரு வீடு, அதற்குள்ளேயே ஒலிப்பதிவுக்கூடம். கோர்டி அதற்கு முன் ஃபோர்டு கம்பெனியின் லிங்கன்-மெர்குரி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் இரும்புச் சட்டமாக ஒரு முனையில் நுழைவது மறுமுனையில் பளபளக்கும் காராக வெளியே வருவதைத் தினமும் கண்ணால் பார்த்தவர். தெருவிலிருந்து ஒரு பையன் உள்ளே வந்தால் நட்சத்திரமாக வெளியே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. எழுத ஓர் அணி, வாசிக்க ஓர் அணி, நடக்கவும் உட்காரவும் பேசவும் சொல்லித்தர மாக்சின் பவல் என்ற ஆசிரியை. முடிந்த பாட்டை வெளியிடலாமா என்று முடிவு செய்ய வாராந்தரக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் கோர்டி கேட்கும் கேள்வி பிரசித்தம்: கையில் கடைசி ஒரு டாலர் இருக்கிறது, வயிறு பசிக்கிறது, இந்தத் தட்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்குவீர்களா?

தொழிற்சாலை என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டமே 1964இல்தான் வந்த நாடு அது. அங்கே ஒரு கறுப்பினத்தவர் சொந்தமாக நிறுவனம் நடத்தி, வெள்ளையர் வீட்டு வரவேற்பறை வரை தன் பாடகர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த ஒழுங்கும் மெருகும் பிழைப்பதற்கான ஆயுதங்கள். அந்தப் பாட்டுகளும் லேசானவை அல்ல. ‘ஏய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்’ பாட்டை இன்று போட்டாலும் கால் தானாகத் தாளம் போடும்.

ஆனால் அந்த ஒழுங்கு தவறும் செய்தது. மார்வின் பாடிய ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ கூட்டத்தில் தேறவில்லை. அதே பாட்டை கிளாடிஸ் நைட் பாடிய வடிவம் 1967இல் வெளியாகி வெற்றி பெற்றது. மார்வினுடையது 1968இல் ஓர் இசைத்தட்டின் நடுவே பத்தோடு பதினொன்றாகச் சேர்க்கப்பட்டது. வானொலி அறிவிப்பாளர்கள் அதைத் தேடியெடுத்துப் போடத் தொடங்கிய பிறகுதான் நிறுவனம் சிங்கிளாக வெளியிட்டது. ஏழு வாரம் முதலிடம். அதுவரை மோட்டவுன் கண்டிராத விற்பனை. தன் காது சொன்னது சரி, கூட்டம் சொன்னது தவறு என்பதற்கு மார்வினிடம் அப்போதே ஒரு சான்று இருந்தது.

அந்த வெற்றி அவருக்கு இனிக்கவில்லை. 1967 அக்டோபரில் வர்ஜீனியாவில் ஒரு கல்லூரி மேடையில் அவரோடு ஜோடியாகப் பாடிக்கொண்டிருந்த டாமி டெரல் சரிந்து அவர் கைகளிலேயே விழுந்தார். மூளையில் கட்டி. பல அறுவை சிகிச்சைகள். 1970 மார்ச் 16 அன்று 24 வயதில் இறந்தார். மார்வின் மேடையேறுவதை விட்டார். முதலாளியின் அக்கா ஆன்னாதான் அவர் மனைவி. அந்தத் திருமணமும் உலைந்துகொண்டிருந்தது. தாடி வளர்த்தார். உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றி, டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம் கேட்டுப் போனார். 31 வயதில். கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் இரண்டு நண்பர்கள்: அந்த அணியின் மெல் ஃபார், லெம் பார்னி. பாட்டின் தொடக்கத்தில் நீங்கள் கேட்ட குரல்களில் அவர்களுடையதும் உண்டு.

இன்னொரு துயரம் வீட்டுக்குள் வந்தது. தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரில் இருந்து திரும்பினார். பார்த்ததையெல்லாம் அண்ணனிடம் சொன்னார், அண்ணன் அழுதார். 1970 மே 4 அன்று ஓஹாயோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போரை எதிர்த்த மாணவர்கள் மீது தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். வெளியே இவ்வளவு நடக்கும்போது காதல் பாட்டை எப்படிப் பாடிக்கொண்டிருப்பது என்ற கேள்வி அவரை விடவில்லை.

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டின் வித்து அவருடையதல்ல. ஃபோர் டாப்ஸ் குழுவின் ஒபி பென்சன் 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு பூங்காவுக்காகப் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதைப் பார்த்தார். இங்கே என்னதான் நடக்கிறது என்று மனம் கேட்டதை அல் கிளீவ்லாண்டுடன் சேர்ந்து பாட்டாக்கினார். அவர் குழுவினருக்கே அது வேண்டாம், எதிர்ப்புப் பாட்டு நமக்கு எதற்கு என்றார்கள். மார்வினிடம் கொண்டுவந்தார். மார்வின் மெட்டைச் செதுக்கினார், சொற்களை மாற்றினார். தெருவில் கேட்ட கேள்வியைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார். பாட்டில் அம்மா வருகிறார், சகோதரன் வருகிறான், அப்பா வருகிறார். எதிர்ப்பு, குரல் உயராமல் சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சாகிவிட்டது. கடுமையான தகப்பனிடம் வளர்ந்த பிள்ளை அப்பாவை அழைத்துப் பேசுகிறான் என்பதை நினைவில் வைத்துக் கேட்டால் அந்த இடம் நெஞ்சை அடைக்கும்.

1970 ஜூன் மாதம் ஒலிப்பதிவு. அதே வீடு, அதே அறை. வாசித்தவர்கள் பத்தாண்டுகளாக அந்த அறையில் வாசித்த அதே வாத்தியக்காரர்கள். தயாரிப்பாளர் இடத்தில் மட்டும் மார்வினே உட்கார்ந்தார். அதற்கு அவர் பயிற்சி இல்லாமல் வரவில்லை. ‘ஒரிஜினல்ஸ்’ என்ற குழுவுக்குப் பாட்டெழுதித் தயாரித்து ஏற்கெனவே வெற்றி கண்டிருந்தார். மற்றவர்கள் பாடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து கேட்கப் பழகியிருந்தார்.

அந்த அறையில் நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

சாக்ஸபோன் வாசிக்க வந்தவர் எலி ஃபான்டெய்ன். வாத்தியத்தைச் சூடேற்ற ஏதோ ஒரு சொற்றொடரை ஊதிப் பார்த்தார். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. மார்வின், போதும், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் இன்னும் வாசிக்கவே இல்லையே, சும்மா விளையாடினேன் என்றார் அவர். அந்த விளையாட்டுத்தான் வேண்டும் என்றார் மார்வின். முதல் பத்து வினாடியில் கேட்டது அதுதான்.

பேஸ் கிட்டார் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் பாட்டுகளுக்கு முதுகெலும்பாக இருந்த மனிதர், வலதுகையில் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். அன்று அவரைக் காணோம். ஒரு மதுக்கூடத்திலிருந்து மார்வின் அழைத்து வந்தார். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார முடியாத நிலை. தரையில் மல்லாந்து படுத்தபடியே, இசை அமைப்பை எழுதிய டேவிட் வான் டிபிட் தந்த தாளைப் பார்த்து வாசித்தார் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். பாட்டை மறுபடி கேட்கும்போது குரலை விட்டுவிட்டு அந்த பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஒரு சுழற்சியில் வைத்த சங்கதியை அடுத்ததில் அப்படியே வைக்க மாட்டார். கீழ்க்குரலில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அன்றிரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம், இன்று ஒரு மகத்தான படைப்பில் வாசித்தேன் என்றாராம்.

மூன்றாவதுதான் முக்கியம். மார்வின் இரண்டு டேக் பாடியிருந்தார். ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது திட்டம். கேட்டுப் பார்க்கும்போது ஒலிப்பதிவாளர் இரண்டையும் தவறுதலாக ஒரே நேரத்தில் ஓட விட்டார். ஒரே தொண்டையிலிருந்து வந்த இரண்டு குரல்கள் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் உரசியும் விலகியும் போயின. மார்வின் அப்படியே இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அது அவர் பாணியாகிவிட்டது.

அது வெறும் தற்செயல் என்று நான் நம்பவில்லை. போதகர் ஒரு வரி சொல்ல, சபை பதில் சொல்லும் மரபில் வளர்ந்த காது அவருடையது. தவறு நடந்த அந்த நொடியில் அவர் கேட்டது சிறுவயதுச் சபையை. இப்போது போதகரும் அவரே, சபையும் அவரே. ‘சேவ் த சில்ட்ரன்’ என்ற பாட்டில் இதை முழுதாகச் செய்திருக்கிறார். ஒரு குரல் வெறுமனே பேசும். அதே சொற்களை இன்னொரு குரல் பின்னாலேயே வந்து பாடும். குழந்தைகளின் நாளை என்னவாகும் என்று கவலைப்படுகிறவனும் அதைக் கேட்டு உருகுகிறவனும் ஒரே ஆள்.

இந்த இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறுபிறவி என்கிறார்கள். பழைய மார்வின் செத்துப் புது மார்வின் பிறந்தார் என்பது போல. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதையும் அவர் உதறவில்லை. சபையில் கற்ற பதில் குரல் இருக்கிறது. டிரம்ஸ் வாசித்தவரின் தாள உணர்வு இருக்கிறது. 1961இல் யாரும் வாங்காத அந்த மெல்லிய குரலும் டெட்ராய்ட் சிம்பனி இசைக்குழுவினர் வாசித்த வயலின்களாகச் சூழ்ந்து நிற்கிறது. தொழிற்சாலை வளர்த்த வாத்தியக்காரர்களின் கைத்திறன் இருக்கிறது. எதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வா என்றார்களோ அதையெல்லாம் உள்ளே அழைத்து வந்தார். அந்தத் துணிச்சலைத்தான் நான் லட்சியம் என்கிறேன்.

கோர்டிக்குப் பாட்டு பிடிக்கவில்லை. பழைய ஜாஸ் வாடை அடிக்கிறது என்றார். காதல் பாட்டு கேட்கிற ரசிகர்கள் போரையும் போலீசையும் கேட்டு விலகிப்போவார்கள் என்று பயந்தார். அவர் கட்டிய வீட்டுக்கு அவர் பயந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். மார்வின், இது வெளிவராமல் இனி எதுவும் பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மாதங்கள் போயின. கடைசியில் நிறுவனத்திலேயே இருந்த ஹாரி பால்க், பார்னி ஏல்ஸ் இருவரும் கோர்டிக்குத் தெரியாமல் 1971 ஜனவரியில் சிங்கிளை வெளியிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் போனது. தேசியப் பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறியது. கோர்டி மார்வின் வீட்டுக்கே வந்து, முழு இசைத்தட்டு வேண்டும், மார்ச் முடிவதற்குள் கொடு என்றார். தான் கணித்தது தவறு என்பதைப் பின்னாளில் பலமுறை வெளிப்படையாகச் சொன்னார்.

மார்ச் மாதம் ஏறக்குறைய பத்து நாளில் மிச்சம் எட்டுப் பாட்டுகளும் பதிவாயின. மொத்தம் ஒன்பது பாட்டு, 35 நிமிடம். போரிலிருந்து திரும்பிய ஒருவன் தன் ஊரைச் சுற்றிப் பார்க்கிறான் என்ற ஒரே இழையில் எல்லாம் கோத்திருக்கிறது. வேலை கிடைக்குமா என்று நண்பனிடம் கேட்கிறான். போதையில் விழுகிறான். குழந்தைகளைப் பார்க்கிறான், கடவுளைக் கூப்பிடுகிறான். கடைசிப் பாட்டில் வரியும் விலைவாசியும் கழுத்தைப் பிடிக்கின்றன.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பக்கத்தில் ‘ரைட் ஆன்’ ஏழு நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது, எனக்குக் கொஞ்சம் கால் வலிக்கிறது. ஆனால் முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கிற ‘மெர்சி மெர்சி மீ’ பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சுற்றுச்சூழல் நாசத்தைப் பற்றிய பாட்டு. அதில் மீன்களில் கலந்த பாதரசம் வருகிறது. உலகப் பொதுவான கவலை என்று கடந்துவிடக் கூடாது. டெட்ராய்ட் ஆறு செயின்ட் கிளேர் ஏரியிலிருந்து வருகிறது. 1970இல், பாட்டுக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, அந்த ஏரியின் மீன்களில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். பாடகர் தன் ஊர் மீனைப் பற்றிப் பாடினார். அதையும் எவ்வளவு இதமான மெட்டில் பாடினார் என்று பாருங்கள். தாலாட்டுப் போல. பொருள் புரியும்போதுதான் உள்ளே குத்தும்.

முதல் பத்து வினாடிக் குரல்களுக்கும் இதே ஊர் மண் உண்டு. 1967 ஜூலையில் டெட்ராய்ட்டில் வெடித்த கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். அது தொடங்கியது பன்னிரண்டாம் தெருவில், உரிமமில்லாத ஒரு மதுக்கூடத்தில் நள்ளிரவுக்குப் பின் போலீஸ் நுழைந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தபோது. அவர்கள் அங்கே கூடியிருந்தது எதற்காக? வியட்நாமிலிருந்து திரும்பிய இரண்டு இளைஞர்களை வரவேற்க. நான்கு வருடம் கழித்து ஒரு டெட்ராய்ட்காரர் ஊசியைத் தட்டில் வைக்கிறார். திரும்பி வந்தவனை வரவேற்கும் குரல்கள் அறையில் நிறைகின்றன. அவருக்கு அது வெறும் விருந்துச் சத்தமாகக் கேட்டிருக்காது.

இசைத்தட்டு ஆறாமிடம் வரை போனது. மூன்று பாட்டுகள் முதல் பத்துக்குள் வந்தன. மோட்டவுன் தட்டுகளில் அதுவரை வாத்தியக்காரர்கள் பெயர் அச்சானதில்லை. அந்த அறையில் நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தாங்கியவர்களை அவர்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியாது. இந்த உறையில்தான் முதன்முதலாக அவர்கள் பெயர்கள் வந்தன. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் ஈடு இணையற்றவர் என்ற அடைமொழியும் சேர்த்து அச்சிட்டார்கள். மோட்டவுனோடு ஒப்பந்தம் முடியும் வயதில் இருந்த இன்னொரு பாடகர் ஸ்டீவி வொண்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இசைத்தட்டு வெளிவந்த அதே மாதம் அவருக்கு 21 வயது. தன் இசையைத் தானே தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிய பிறகுதான் மோட்டவுனோடு மீண்டும் கையெழுத்திட்டார். அடுத்த சில வருடங்களில் அவர் தந்தவை தனி உரைக்கான விஷயம். மோட்டவுனே 1972இல் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டது. அந்த அறை இன்று அருங்காட்சியகம்.

மார்வினின் முடிவு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1984 ஏப்ரல் 1, நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், பெற்ற தகப்பனே சுட்டதில் இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டில் அப்பாவை அழைக்கும் இடத்தை யாராலும் பழையபடி கேட்க முடிந்ததில்லை. அதை விரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பதில் 1972 மே 1க்குப் போகிறேன். வாஷிங்டன் நகரம் அந்த நாளை மார்வின் கே நாள் என்று அறிவித்து, சொந்தப் பிள்ளையை வரவேற்றது. மேடையை விட்டு விலகியிருந்தவர் அன்று மாலை கென்னடி சென்டர் மேடையில் வந்து நின்றார். முதலில் பழைய ஆட்டப் பாட்டுகளைக் கோத்து ஒரு மாலையாகப் பாடினார். பிறகு இந்த இசைத்தட்டின் பாட்டுகளை, தட்டில் இருந்த வரிசையில் இல்லாமல். நீண்டகாலம் பெட்டிக்குள் கிடந்த அந்த ஒலிப்பதிவு 2019இல் தனி இசைத்தட்டாக வந்தது. கேட்டுப் பாருங்கள், குரலில் முதலில் தயக்கம் தெரியும். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாடுகிறார், மற்றவற்றுக்குப் போகிறார். கடைசியில் கூட்டத்தோடு கொஞ்சம் பேசிவிட்டு அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார். அந்த இரண்டாவது முறையைத்தான் இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். விளக்கைக் கொஞ்சம் தணிக்க முடியுமா?